யாருமில்லாத வீட்டின் மூச்சு

நெட்டா கில்பிரைடும் அவள் குடும்பமும் அளவுக்கு மீறி மூச்சு விடுகிறார்கள் என்று நகராட்சி எழுத்து மூலமாகத் தெரிவித்தது 1970ஆம் வருடம் டிசம்பர் மாதத்தில். அந்தக் கடிதத்தை நானே படித்திருக்கிறேன். கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன. வீட்டுச் சுவர் கறுத்துப்போனதற்குக் காரணம் சுவரல்ல, உள்ளே குடியிருக்கும் மூன்று பேரின் நுரையீரல்தான் என்று படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து, தட்டச்சு செய்து, தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

நான் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளன். பெயர் ஸ்ட்ரதர்ஸ். இன்வர்காரன் ஊரின் ஸ்டோன்ரிக் குடியிருப்பில் நின்ற ஆறு கோபுரங்களில் மூன்றாவது என் பொறுப்பு. இருபது மாடி, மாடிக்கு நான்கு வீடு, இரண்டு லிஃப்ட், ஒரு கொத்துச் சாவி. தரைத்தளத்தில் வேலையோடு சேர்த்து எனக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். சம்பளம் நகராட்சியுடையது, சீருடை நகராட்சியுடையது, தலையில் இருந்த தொப்பியும் நகராட்சியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் நானும் ஒரு கட்டத்தில் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை.

நெட்டா என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. கணவன் டூகல் கட்டட வேலைக்காரன், நல்ல உயரம், வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் இருப்பான். மகள் ஷீனாவுக்கு அப்போது ஆறு வயது. ஸ்டோன்ரிக்குக்கு வருவதற்கு முன் அவர்கள் ஃபவுண்ட்ரி தெருவில் ஒற்றை அறையில் இருந்தார்கள். சுவரில் குடைந்த பொந்தில் கட்டில். சமையலும் அங்கேயே. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், நான்கு குடும்பத்துக்கு ஒன்று. எலி குழந்தையின் போர்வைமேல் ஓடும். அந்தத் தெருவை நினைத்து இன்று உருகுகிறவர்கள் யாரும் அங்கே குடியிருந்தவர்கள் இல்லை.

1969 மே மாதம் அவர்கள் குடிவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்காவது மாடி, இரண்டாம் எண் வீடு. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். ஷீனா ஒவ்வொரு அறையாக ஓடினாள்.

“அம்மா, இது யாரோட ரூம்?”

“நம்மளோடதுதான்.”

“அப்ப இது?”

“அதுவும் நம்மளோடதுதாண்டி.”

நெட்டா குளியலறைக்குள் போனாள். வெள்ளைத் தொட்டி. குழாயைத் திருகினால் சுடுதண்ணீர். அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். “ஸ்ட்ரதர்ஸ், நீ கெளம்புய்யா. நான் குளிக்கணும்” என்றாள். அன்று மட்டும் மூன்று தடவை குளித்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். டூகல் மட்டும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்காமல், தென்மேற்குச் சுவரின் மூலையில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தான். வேலைக்காரன், வேலையை ரசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் கடலிலிருந்து மழை வந்தது. எங்கள் ஊரில் மழை மேலிருந்து விழாது. பக்கவாட்டில் வந்து அறையும். பதினான்காவது மாடியில் அதைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. நவம்பரில் ஷீனாவின் அறை மூலையில் ஓதம் ஏறியது. கிறிஸ்துமஸுக்குள் அந்த மூலை கறுப்பு. பிப்ரவரிக்குள் அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர் முழுவதும் பூசணம், விரலால் தொட்டால் ரோமம்போல ஒட்டியது. காலணிக்குள் பச்சை. மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈர வட்டம். குழந்தைக்கு இருமல் பிடித்தது. பிடித்தது விடவில்லை. அடுத்த வருடம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் கூடாரம் போட்டு அதற்குள் படுக்கவைத்தார்கள்.

டூகல் ஒவ்வொரு ஞாயிறும் பிளீச்சிங் தண்ணீரில் துணியை நனைத்துச் சுவரைத் துடைப்பான். அவன் கைத்தோல் உரிந்து சிவந்து கிடக்கும்.

நெட்டா புகார் எழுதினாள். மூன்று கடிதத்துக்குப் பிறகு வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து பெட்டிகுரூ வந்தார். நல்ல கோட்டு, கையில் அட்டை வைத்த காகிதம். நான் கூடப் போனேன். அவர் சுவரைத் தொடவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ டீ போடுவீங்க, மிஸ்ஸஸ் கில்பிரைட்?”

“தாகம் எடுக்கறப்பல்லாம் போடுவேன். ஏன், உங்களுக்கு ஒண்ணு வேணுமா?”

“உருளக்கெழங்கு வேகவைக்கறப்ப மூடி போடறீங்களா?”

“மூடிக்கும் என் மக ரூம் சுவத்துக்கும் என்ன சம்பந்தம்ங்க?”

“சம்பந்தம் இருக்கும்மா. இது நவீனமான வீடு. நீங்கல்லாம் பழைய வீட்டுலேர்ந்து வந்தவங்க, இதுல எப்படி இருக்கணும்னு பழகல. கெட்டில் ஆவி, துணி காயப்போடற ஈரம், அப்புறம் நீங்க விடற மூச்சு, எல்லாம் சேந்து சுவத்துல படியுது. ஜன்னலத் திறந்து வையுங்க. ஹீட்டரப் போடுங்க.”

“ஜன்னலத் திறந்து வச்சு ஹீட்டரப் போடணுமா?”

“ஆமா.”

“மலையச் சூடு பண்ணவா?”

பெட்டிகுரூ அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது படம் போட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தை மேசைமேல் வைத்தார். அதில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்த மூச்சுக் கடிதம் வந்தது.

ஆறு கோபுரத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, உன் வீட்டில்தான் இப்படி, உனக்குத்தான் வீடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் பெண்கள் வெட்கப்பட்டுச் சுவரை மறைத்தார்கள். படத்தை மாட்டினார்கள், அலமாரியை நகர்த்திவைத்தார்கள். யாராவது வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்தினார்கள். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். நனைந்த சுவரைக் கட்டியவர்களுக்கு வெட்கம் இல்லை. அதைத் துடைத்தவளுக்கு வெட்கம்.

ஜனவரியில் ஒரு நாள் காலை நெட்டா தரைத்தளத்துக்கு வந்து என் கதவைத் தட்டினாள்.

“ஸ்ட்ரதர்ஸ், எங்க மாடியில நாலாம் நம்பர் வீடு எப்பலேர்ந்து காலி?”

“லென்னி குடும்பம் கனடா போனதுலேர்ந்து. போன மார்ச்.”

“அதுக்கப்புறம் யாராவது உள்ள போனாங்களா?”

“யாரும் போகல. சாவி என்கிட்டதான் இருக்கு.”

“எடுத்துக்கிட்டு வா.”

விதிப்படி நான் திறக்கக்கூடாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது விதி நினைவுக்கு வரவில்லை. மேலே போய்த் திறந்தேன். வாசலிலேயே அந்த வாடை அடித்தது. தென்மேற்குச் சுவர் தரையிலிருந்து கூரை வரை கறுப்பு. வால்பேப்பர் உரிந்து தொங்கியது. ஜன்னலுக்கு அடியில் தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. பத்து மாதமாக அந்த வீட்டில் ஒரு கெட்டில் கொதிக்கவில்லை, ஒரு துணி காயவில்லை.

நெட்டா நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். “ஸ்ட்ரதர்ஸ், யாருய்யா இங்க மூச்சு விட்டது?” என்றாள்.

மதியத்துக்குள் எழுபது பெண்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டார்கள். வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி பார்த்துவிட்டு வெளியே வந்து அழுதாள். “நான் ஒரு வருஷமா என் மாமியார வீட்டுக்குள்ள விடல. என்ன அழுக்குப் புடிச்சவன்னு நெனைச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்” என்றாள்.

மறுநாள் நாற்பது பேர் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனார்கள். கோஷம் போடவில்லை. பூசணம் பிடித்த கோட்டுகள், பச்சை படர்ந்த செருப்புகள், ஒரு தொட்டில் மெத்தை, எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தப் பளபளப்பான மேசைமேல் அடுக்கினார்கள். நெட்டா பெட்டிகுரூவிடம், “காலி வீடு ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க. உங்க கவுன்சிலர், பத்திரிகைக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க” என்றாள். மேசையில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே அவர், “அடுத்த வியாழக்கிழமை வர்றோம்” என்றார்.

புதன்கிழமை காலை இரண்டு பெயிண்டர்கள் வந்தார்கள். கையில் அலுவலக உத்தரவு. நாலாம் எண் வீட்டின் சாவியைக் கேட்டார்கள்.

கொடுத்தேன்.

அன்று முழுவதும் நெட்டா தொழிற்சாலையில் இருந்தாள். மாலையில் அவள் திரும்பி வந்தபோது நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். அவள் “நாளைக்கு இருக்கு அவங்களுக்கு” என்று சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினாள். நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்; வேலை போனால் வீடும் போகும். இது சமாதானம் அல்ல, நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை கவுன்சிலர் வந்தார், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், பெட்டிகுரூ வந்தார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே சுவரெல்லாம் பால் வெள்ளை. தரை துடைத்துச் சுத்தம்.

கவுன்சிலர் மூக்கை உறிஞ்சினார். “எனக்குப் புது பெயிண்ட் வாசனதாம்மா வருது. வேற ஒண்ணும் தெரியலையே?”

நெட்டா சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஸ்ட்ரதர்ஸ், போன வாரம் இது எப்படி இருந்துச்சு? சொல்லு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பெட்டிகுரூ என் தொப்பியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். வந்தவர்கள் சிரித்துப் பேசியபடி லிஃப்டில் இறங்கிப் போனார்கள்.

நெட்டா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சாவிக்கொத்தோடு நின்றேன். அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்போது லிஃப்ட் திறந்து டூகல் வேலையிலிருந்து வந்தான். கதவு திறந்திருந்த வீட்டைப் பார்த்தான், அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“பூசிட்டாங்களா?” என்றான்.

“பூசிட்டாங்க. நாளைக்குப் பேப்பர்ல நான் பொய்க்காரி.”

டூகல் அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான். “நெட்டா, அது மூச்சு இல்ல. மழ” என்றான்.

“மழன்னு எனக்குத் தெரியாதா?”

“அது எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். கான்கிரீட் பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, அதுல கலவை கெட்டியா எறங்கணும். நாங்க எறக்கல. கலவை வண்டி வரல, கிரேன் சும்மா நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அடுத்த மாடி ஏறணும்னு மேஸ்திரி கத்தறான். சிமெண்ட் காகிதப் பையச் சுருட்டி உள்ள திணிச்சு, மேல ஒரு விரல் கனத்துக்குப் பூசிட்டோம். பன்னெண்டாம் மாடிக்கு மேல பூரா அப்படித்தான்.”

நெட்டா திறந்திருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இந்தக் கட்டடமா?”

“இந்தக் கட்டடந்தான்.”

“நம்ம வீடு பதினாலாவது மாடின்னு தெரிஞ்சும் சாவிய வாங்கினியா?”

“வேண்டாம்னு சொல்லணும்னுதான் வந்தேன். நீ அந்தத் தொட்டிமேல உக்காந்திருந்த. உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?”

அவள் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. பத்தாவது நாள் அவன் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, “இத கோர்ட்டுல சொல்லுவியா?” என்று கேட்டாளாம். “சொன்னா எனக்கு எந்த சைட்லயும் வேல கெடைக்காது” என்றானாம். “தெரியும். சொல்லுவியா?” என்றாளாம். சொல்கிறேன் என்றான்.

இலவசமாக வாதாட ஓர் இளம் வக்கீல் கிடைத்தார். நகராட்சிமேலும் கட்டுமான நிறுவனத்தின்மேலும் போட்ட வழக்கு நவம்பரில் வந்தது. அதற்குள் நெட்டா ஒரு காரியம் செய்திருந்தாள். நாலாம் எண் வீட்டுக்கு வேறு யாரும் குடிவரவில்லை. அந்த வீட்டைப் பற்றித் தெரிந்த பிறகு யார் வருவார்கள்? பெயிண்ட் அடித்த அதே வாரம் அவள் அந்தக் கதவின் இடுக்கில் நீளக் காகிதப் பட்டை ஒட்டி, அதன்மேல் பதினொரு பெண்களைக் கையெழுத்துப் போடவைத்தாள். யார் கதவைத் திறந்தாலும் காகிதம் கிழியும். ஒன்பது மாதம் அது கிழியாமல் இருந்தது. தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். இன்னொரு தடவை யாராவது சாவி கேட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

நீதிமன்றத்தில் டூகல் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் பெரிய ஆள். ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார்.

“மிஸ்டர் கில்பிரைட், வேல முறையா முடிஞ்சுதுன்னு அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“சீக்கிரம் முடிச்சதுக்குப் போனஸ் வாங்கினீங்களா?”

“வாங்கினேன்.”

“அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இல்ல இன்னிக்குப் பொய் சொல்றீங்களா?”

“அன்னிக்குத்தாங்க பொய். அன்னிக்குச் சொல்லச் சொல்லி மேஸ்திரி நின்னான். இன்னிக்கு யாரும் சொல்லச் சொல்லல.”

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். நீதிபதி முறைத்தார். நெட்டாவின் வக்கீல், ஒரே ஒரு இணைப்பை உடைத்துப் பார்த்தால் போதும் என்று கேட்டார். அது கட்டடத்தைத் தாங்கும் சுவர், கைவைத்தால் ஆபத்து என்று நிறுவனம் மறுத்தது. நகராட்சி நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டது. நீதிபதி அனுமதி தரவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

“அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாங்களா?”

“அடிச்சாங்க. புதன்கிழமை. கறுப்புமேலயே அடிச்சாங்க.”

“சாவி யார் குடுத்தது?”

“நான்தாங்க.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“பயம்.”

தொப்பியை மடியில் வைத்திருந்தேன். டூகலுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேனா தெரியாது. அவன் சொன்ன பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரம் ஐந்து நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை நீதிபதியே வந்துவிட்டார், பதினான்காவது மாடிக்கு. காகிதப் பட்டையைத் தன் பேனாக்கத்தியால் கிழித்தார். கதவு திறந்தது. அந்த வெள்ளைப் பெயிண்ட் சுவரிலிருந்து கழன்று, தோல்போல மடிப்பு மடிப்பாகத் தரையில் கிடந்தது. அதற்குப் பின்னால் சுவர் கறுப்பு. நீர் கசிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடாக இறங்கியது. நீதிபதி விரலால் அதைத் தொட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நெட்டா வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. “எனக்கு மூச்சு முட்டுதுங்க, நீங்க பாருங்க” என்றாள்.

தீர்ப்பில் அந்த வீடு மனிதர் வாழத் தகுதியற்றது என்று எழுதினார். குடியிருப்பவர்களின் மூச்சு காரணம் என்ற வாதத்தை ஏற்க முடியாது என்றார். கில்பிரைட் குடும்பத்துக்கு உடனே வேறு வீடு தர உத்தரவிட்டார். ஆனால் டூகல் சொன்னதைப் பற்றி ஒரு வரி இருந்தது. இணைப்புகளில் காகிதம் அடைக்கப்பட்டது என்பது ஒரு தொழிலாளியின் வாய்ச்சொல் மட்டுமே, அது நிரூபிக்கப்படவில்லை. உடைத்துப் பார்க்கவும் விடமாட்டார்கள், நிரூபணமும் ஆகவில்லை என்பார்கள். கட்டியவனுக்கு ஒரு கீறல் இல்லை.

அடுத்த வாரமே பெட்டிகுரூ புது வீட்டின் சாவியோடு வந்தார். தோட்டம் வைத்த தரைத்தள வீடு.

“எனக்கு மட்டுமா?” என்றாள் நெட்டா.

“வழக்கு உங்க பேர்ல இருக்கு, மிஸ்ஸஸ் கில்பிரைட்.”

“பன்னெண்டுக்கு மேல முப்பது குடும்பம் இருக்கு. அவங்க சுவரு காஞ்சிருச்சா?”

“அவங்க தனித்தனியா விண்ணப்பிக்கட்டும்.”

“அப்ப நான் கடைசியாப் போறேன்.”

வீம்பு என்று சொன்னவர்கள் உண்டு. அவள் வீம்பின் விலை என்ன என்று எனக்குத் தெரியும். ஷீனாவைக் கடலோரத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். இரண்டு குளிர்காலம் மகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவாள், தீர்ப்பின் நகலை மேசைமேல் வைப்பாள். முப்பதாவது குடும்பம் போன பிறகு, 1973 செப்டம்பரில், அவளும் டூகலும் போனார்கள். அதற்குள் அந்தத் தோட்ட வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கிடைத்தது ரயில் பாதை ஓரத்தில் ஒரு பழைய வீடு. ஆனால் சுவர் காய்ந்திருந்தது.

டூகலுக்கு அவன் சொன்னபடியே ஆயிற்று. மாவட்டத்தில் ஒரு சைட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினான். மதுக்கடையில் பழைய கூட்டாளிகள் அவனைப் பார்த்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். எட்டு வருடம் வெட்டினான். 1981இல் மாரடைப்பில் போய்விட்டான். என் தொப்பியை வாங்கிக்கொண்டு குப்பைவண்டிப் பணிமனைக்கு அனுப்பினார்கள். தரைத்தள வீடும் போயிற்று. யாரும் கேட்காத வீடு என்று அதே மூன்றாம் கோபுரத்தில் ஒன்பதாவது மாடியில் எனக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். அதிலேயே இருபது வருடம் இருந்தேன்.

அந்த இருபது வருடத்தில் நகராட்சி ஒரு சந்தையும் அடைக்கவில்லை. மறுத்துப் பேச வழியில்லாதவர்களையே தேடிப் பிடித்து அங்கே குடிவைத்தது: அநாதை விடுதியிலிருந்து வெளியே வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள், ஜெயிலிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு தனியாக நின்ற பெண்கள். லிஃப்ட் கெட்டால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். விளக்கு போனால் போனதுதான். பிறகு அங்கே என்ன நடந்திருக்கும்? நடந்தது. அதன் பிறகு பத்திரிகையில் எழுதினார்கள், ஸ்டோன்ரிக்கில் இருப்பவர்கள் ஸ்டோன்ரிக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று.

1993இல் இடிக்க முடிவானது. வெடி வைப்பதற்கு முன் உள்சுவர்களை உரித்து, இணைப்புகளில் துளை போட ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் காலை இடிப்பு நிறுவனத்தின் பொறியாளர், அயர்லாந்துக்காரர், வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற என்னைக் கூப்பிட்டார். நான் அங்கே காவலுக்கு இருப்பவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“பெரியவரே, இதக் கொஞ்சம் பாருங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. இது எப்படி இத்தன நாள் நின்னுச்சு?”

பதினாறாவது மாடி. பிளந்த இணைப்புக்குள் சுருள் சுருளாகச் சிமெண்ட் காகிதப் பை. நடுவில் இருந்த சுருளில் ஆலையின் பெயரும் 1967 என்ற வருடமும்கூட அழியாமல் இருந்தன.

நான் கீழே இறங்கி நெட்டாவுக்குத் தொலைபேசி செய்தேன். அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. பதினாறு மாடியும் ஏறி வந்தாள். மூச்சு வாங்க நின்று, அந்தச் சந்துக்குள் கையை விட்டு ஒரு சுருளை உருவினாள். விரித்துப் பார்த்தாள். அழுவாள் என்று பொறியாளர் பயந்து நாற்காலி தேடினார்.

“நாற்காலி வேண்டாம் தம்பி. நீங்க பாத்தத ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?”

எழுதிக் கொடுத்தார். எந்த மாடி, எத்தனை இணைப்பு, உள்ளே என்ன இருந்தது என்று ஒரு முழுப் பக்கம். நல்ல மனிதர், தன் நிறுவனத்தைக் கேட்காமலே கொடுத்தார்.

நெட்டா அதை எடுத்துக்கொண்டு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன். பெட்டிகுரூ ஓய்வுபெற்றுப் போயிருந்தார். மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண்.

“என் புருஷன் சொன்னது நிரூபிக்கப்படலன்னு ஒரு வரி இருக்கு. அத மாத்தணும்.”

“அம்மா, அந்தக் கேஸ் முடிஞ்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“ஆதாரம் இப்பத்தானே வெளிய வந்துச்சு? அப்பக் கேட்டா ஒடைக்க விடல.”

“அந்தக் கம்பெனியே இப்ப இல்லம்மா.”

“அந்தக் கம்பெனி மொதலாளிக்கு ராணி கையால சர் பட்டம் குடுத்தாங்களே, அவரு இருக்காரா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. கோப்ப மூடியாச்சு.”

மூடிய கோப்பைத் திறக்க எந்தப் படிவமும் இல்லையாம். கட்டடத்தையே திறந்தாகிவிட்டது, கோப்பைத் திறக்க முடியாதாம்.

இடிக்கும் நாளை நகராட்சி திருவிழா ஆக்கியது. ஞாயிற்றுக்கிழமை. மேடை, பேண்டு வாத்தியம், சாசேஜ் விற்கும் வண்டி, பிள்ளைகளுக்குப் பலூன். ஸ்டோன்ரிக்கில் முதன்முதலில் குடிவந்தவர்களில் ஒருத்தி என்று நெட்டாவைத்தான் பொத்தானை அழுத்தக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் யார் என்பது அழைத்தவர்களுக்கு நினைவில்லை. விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, “ரெண்டு வார்த்த சந்தோஷமாப் பேசுங்க, அப்புறம் பொத்தான அழுத்துங்க” என்றாள். நெட்டா சரி என்றாள்.

முதலில் நகராட்சித் தலைவர் பேசினார். நல்ல எண்ணத்தோடு கட்டியது, ஆனால் இந்த மாதிரி வாழ்க்கைக்கு மக்கள் தயாராக இல்லை என்றார். பெட்டிகுரூ அன்று சொன்ன அதையே இருபத்திமூன்று வருடம் கழித்தும் அதே முகத்தோடு சொன்னார்கள்.

நெட்டா மைக்கின் முன் போனாள். கைப்பையிலிருந்து பொறியாளரின் கடிதத்தை எடுத்தாள்.

“என் பேரு நெட்டா கில்பிரைட். மக்கள் தயாராத்தான் இருந்தாங்க. சுவருதான் தயாரா இல்ல. என் புருஷன் டூகல் அதக் கோர்ட்டுல சொன்னான். நிரூபிக்கப்படலன்னு எழுதினீங்க. இதோ நிரூபணம். படிக்கறேன், கேளுங்க.”

நான்காவது வரியில் மைக்கை அணைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முப்பது வருடம் பிஸ்கட் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிய தொண்டை அது. கயிற்றுக்கு அப்பால் நின்ற பழைய குடித்தனக்காரர்கள் பேண்டுக்காரர்களை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். பேண்டு நின்றது. அவள் கடைசிக் கையெழுத்து வரை படித்தாள். பிறகு பொத்தானைத் தொடாமல் படியில் இறங்கினாள். நகராட்சித் தலைவர் அவசரமாகத் தானே அழுத்தினார்.

கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து உட்கார்ந்தன. பதினைந்து விநாடிகூட இல்லை. சிலர் கை தட்டினார்கள். தூசி எங்கள் பக்கம் திரும்பி வந்து மேடையையும் சாசேஜ் வண்டியையும் மூடியது. நெட்டா கோட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, “வா ஸ்ட்ரதர்ஸ், பஸ் வந்துரும்” என்றாள்.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கம் முழுவதும் தூசிப் படம். அவள் படித்தது ஏழாம் பக்கத்தில், நான்கு வரி.

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, நவம்பரில், அவள் நகராட்சிக்கு எழுதினாள். பொறியாளரின் கடித நகலை வைத்து அனுப்புவாள். கோப்பு மூடப்பட்டது என்று பதில் வரும். 2005இல் அவள் இறந்தபோது அப்படிப் பதினொரு பதில்கள் இருந்தன. இப்போது ஷீனா எழுதுகிறாள். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. பையில் இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். போன நவம்பரில் எழுதும்போது, கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று என் பெயரையும் விலாசத்தையும் சேர்த்தாள். எனக்கு எண்பத்தொன்பது வயது. எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.